ஆளில்லாத படகுக்கு ஊதிய விசில்

சாட்சி: டோரதி அம்புரோஸ், வயது 71, க/பெ காலஞ்சென்ற அம்புரோஸ், கல்மண்டபம் அருகில், ராயபுரம். பதிவான நாள்: 16.08.2001.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். கான்வென்ட்டில் படித்தவள். எங்கள் பங்குத் திருவிழாவில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டிக்குப் பதினோரு ஆண்டுகளாக நேரம் குறித்து வருகிறேன். எனக்கு முன் அதைச் செய்தவர் என் கணவர். இடக்கைக்காரர், பல முறை போட்டியில் வென்றவர். அவருடைய கைக்கடிகாரத்தையும் தூரக்கண்ணாடியையுமே பயன்படுத்துகிறேன். எனக்குக் கண்புரை அறுவை முடிந்துவிட்டது. மருத்துவரின் சான்றை இணைத்துள்ளேன்.

12.08.2001 ஞாயிறு மாலை தென்கிழக்குக் காற்று பலமாகவும் திடீர் திடீரென்றும் வீசியது. அப்படிப்பட்ட காற்றில் பாயின் கீழ்ப்பகுதியைச் சுருட்டிக் கட்டிவிட்டு, பாய்க்கயிற்றைக் கையிலேயே பிடித்திருக்க வேண்டும். காற்று மோதும்போது கயிற்றைத் தளர்த்தி, தணிந்ததும் இழுக்க வேண்டும். படகுக்கு ஒருவராகப் போட்டியிட்ட இருவரில் யேசுதாஸ் பாயைச் சுருட்டிக் கட்டினான். வில்சன் முழுப் பாயை ஏற்றி, இரு கையும் சும்மா இருக்கட்டும் என்று கயிற்றைக் குறுக்குப் பலகையில் முடிந்தான். அப்போது வில்சன் கேட்டதையும் யேசுதாஸ் சொன்ன பதிலையும் கேட்டேன்.

"இன்னா மாமு, பாயைச் சுருட்டிகினு கீறே? மழ வர்றப்போ கொடையா புடிப்பியா?"

"சிரி நைனா, சிரி. கயித்த மட்டும் கட்டாதே. கையில வச்சுக்க."

அதன் பின்னர் சரியாக நான்கு மணிக்குப் படகுகள் புறப்பட்டன. சுற்றித் திரும்ப வேண்டிய மிதவை காற்றுக்கு எதிர்த்திசையில் இருந்ததால் நேராகப் போக முடியாது. யேசுதாஸ் ஒரே நீண்ட ஓட்டமாகக் கடல் பக்கம் விலகினான். வில்சன் தூரத்தை மிச்சம் பிடிக்க, கரையை ஒட்டி அடிக்கடி திசை மாற்றினான்.

4.17-க்கு வில்சனின் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. தூரக்கண்ணாடியில் பார்த்தேன். சுக்கானில் ஆள் இல்லை. அந்நேரம் யேசுதாஸின் படகு அதிலிருந்து இருநூறு கஜத்துக்கு அப்பால் இருந்தது. ஓர் அலை மறைத்து விலகியபோது, வில்சனின் படகில் முழுதாக ஏற்றியிருந்த பாய் சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது.

அதன் பின்னர் 4.19-க்கு அது தானாகத் திசை மாறியது. பாய் படபடக்கவில்லை, இறுக்கமாக இருந்தது. 4.21-க்கு மிதவையை முறைப்படி இடப்பக்கம் விட்டுச் சுற்றியது. யேசுதாஸ் அதன் அருகில் வந்தது அப்போதுதான். அவன் எழுந்து நின்று அதற்குள் பார்த்து, பிறகு போட்டியை விட்டுவிட்டு அந்தப் படகு வந்த வழியே தண்ணீரில் தேடிக்கொண்டு போனான். கரையில் நின்றவர்கள் இரு படகும் நெருங்கியதை மட்டுமே கண்டார்கள்.

அதன் பின்னர் வில்சனின் படகு, சுருட்டிய கட்டு அவிழாமலே பாயைப் பக்கவாட்டில் அகல விலக்கி, பின்காற்றில் வந்து 4 மணி 34 நிமிடம் 20 வினாடிக்கு எல்லைக் கோட்டைக் கடந்தது. முதலில் வரும் படகுக்கு விசில் ஊதுவது வழக்கம். ஊதினேன். கரையில் படகு இழுக்கும் சௌக்கத் அலி, "இன்னாத்துக்கும்மா ஊதுறே? உள்ள ஆளே இல்லியே!" என்றார். நேரத்தை நோட்டில் எழுதினேன்.

வில்சனைக் கடலில் தள்ளிவிட்டதாக மறுநாள் யேசுதாஸைக் கைது செய்தார்கள். 14-ஆம் தேதி எண்ணூரில் வில்சனின் உடல் ஒதுங்கியது. அன்று அவன் அக்கா ஜானட் என் வீட்டுக்கு வந்து, "ஆண்ட்டி, மெதவையாண்ட அவன்தான் தள்ளினான்னு ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க" என்று அழுதாள். ஆளில்லாத படகு மிதவையைச் சுற்றியது என்று சொன்னால் கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்பார்கள் என நினைத்தேன். என் மதிப்பைக் காக்க நான் வாய் மூடியிருந்ததால் யேசுதாஸ் மூன்று இரவுகள் காவலில் இருந்தான். இதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். 4.17-க்கு வில்சன் படகில் இல்லை. 4.21-க்கு முன் யேசுதாஸ் அதன் பக்கத்தில் இல்லை.

இன்று ஆய்வாளர் என்னை அழைத்துப்போய் அந்தப் படகைக் காட்டினார். பலகையில் முடிந்த கயிறு அவிழ்ந்து, ஒழுங்காகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. சுருட்டிக் கட்டிய பாயில் ஆறு முடிச்சுகள். ஆறும் இடக்கையால் போட்டவை. வில்சனும் யேசுதாஸும் வலக்கைக்காரர்கள். "இந்த மாதிரிக் கட்டுறவங்க இங்க யாரும்மா?" என்று ஆய்வாளர் கேட்டார். இப்போது யாரும் இல்லை என்றேன். முடிச்சுகளை அவிழ்க்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன்.

எழுதியதை நானே படித்து, இரண்டு பிழைகளைத் திருத்திச் சுருக்கொப்பமிட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. சொன்னவை நான் கண்டபடியே உள்ளன.

(ஒப்பம்)
டோரதி அம்புரோஸ்