நேராகக் கேட்ட சம்மதம்

மார்ச் 12, செவ்வாய். வழக்கம்போல் ஆறு மணிக்கு நடை. எட்டு பத்துக்கு ஆம்பூரிலிருந்து வேலூர் பஸ். முன் சீட்டில் ஓர் இளைஞனும் ஒரு பெண்ணும். அவன் ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவன் என்று பேச்சில் தெரிந்தது.

“பொண்ணு பாக்க வந்துட்டு, எங்கப்பா தைச்ச ஷூவை எல்லார் முன்னாடியும் ரிஜெக்ட்னு சொல்லிட்டீங்களே.”

“தையல் கோணல். எனக்கு ஆஸ்பெர்ஜர்னு டாக்டர் சொல்லியிருக்காருங்க. மழுப்பிப் பேச வராது. ஜாடையா சொன்னாலும் புரியாது. உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?”

“அப்பா ரெண்டு நாள் பேஜாரா இருந்தாரு. நேத்து ஸ்கேல் வெச்சுப் பாத்துட்டு, கோணல்தான்னாரு.”

“இது சம்மதமா?”

“சம்மதம்.”

“இப்ப சிரிக்கிறீங்களே, கிண்டலா, சந்தோஷமா?”

“ரெண்டும்தான்.”

மார்ச் 13, புதன். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாத ஒன்றை, இன்று காலை முதல் வேலையாக மனைவியிடம் சொன்னேன்: காபியில் சர்க்கரை ஜாஸ்தி.