மச்சம் இல்லாத படம்

விருத்தாசலம், 12.08.2009, பகல் 11 மணி.

விருத்தகிரி, வயது 47, தகப்பனார் பெயர் ராஜமாணிக்கம், விருத்தாசலம் கடலூர் ரோட்டில் பூவாயி ஸ்டூடியோ என்ற போட்டோ கடை நடத்துபவர், விசாரணையில் சொன்னது:

நான் மேற்படி விலாசத்தில் கடை மாடியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இதே தொழில். பூவாயி என்பது என் தாயார் பெயர். சனிக்கிழமையிலிருந்து இதை நான்காவது தடவையாகச் சொல்கிறேன். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. இந்தத் தடவை எழுதி முடித்துவிட்டால் போதும்.

இரண்டு வருடத்துக்கு முன்பு கடைக்கு நெட் கனெக்‌ஷன் வாங்கி, நான் எடுக்கும் படங்களில் நல்லதாக இருப்பதை கடையின் வெப்சைட்டில் போட்டு வந்தேன். யாரும் திருடிப் பிரிண்ட் போடாமல் இருக்க படத்தைச் சின்னதாக்கி, நெஞ்சுக்குக் குறுக்கே பூவாயி ஸ்டூடியோ என்று பெரிய எழுத்தில் எழுதித்தான் போடுவேன். ஓரத்தில் எழுதினால் வெட்டி எடுத்துவிடுவார்கள். கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்கிறது என்று பலபேர் முகம் சுளித்தார்கள். நான் விடவில்லை.

கடந்த சித்திரை மாதத்தில், பீங்கான் கம்பெனியில் சூளை வேலை பார்க்கும் தேவநாதன் என்பவரின் மகள் பூர்ணிமா, வயது 23, தன் தாயார் அமிர்தத்துடன் ஜாதகத்தோடு கொடுக்கும் போட்டோ எடுக்க வந்தார். படம் நன்றாக வந்தது. வெப்சைட்டில் போடலாமா என்று பூர்ணிமாவைக் கேட்டேன், சரி என்று தலையாட்டினார். தகப்பனாரைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும், அது என் தப்புதான். அன்று மாலையே வழக்கம்போல் குறுக்கே எழுதிப் போட்டேன்.

அதன் பிறகு நான்கு நாள் கழித்து அமிர்தம் பிரிண்ட் வாங்க வந்தவர், பூர்ணிமாவின் மேலுதட்டில் உள்ள மச்சத்தைக் காட்டி, "இது இருந்தா வாயாடிப் பொண்ணும்பாங்க, எடுத்துவுட்டுடுங்க. மாப்ள வூட்டுக்குப் போற படத்துல கடப்பேரும் வேண்டாங்க" என்றார். இப்படிக் கேட்பது எங்கள் பக்கம் புதிதில்லை. நிறத்தைக் கூட்டு, பருவை எடு, மச்சத்தை அழி என்று வாரத்துக்கு நான்கு பேராவது வருவார்கள். நானும் யோசிக்காமல் மச்சத்தை அழித்து, கடைப் பேர் போடாமல், ஆறு பிரிண்டும் ஒரு சிடியும் கொடுத்தேன். மச்சம் இல்லாத படம் அந்த ஆறு பிரிண்டிலும் சிடியிலும் மட்டும்தான் இருந்தது. நான் கணினியில் வைத்திருப்பது மச்சம் உள்ளது.

அதன் பிறகு ஸ்ரீமுஷ்ணத்தில் மாப்பிள்ளை அமைந்து, ஆவணியில் நிச்சயம் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். போன வாரம் பூர்ணிமாவின் படத்தை யாரோ வேறு பெயர் போட்டு, ஆண்களைப் பேச அழைக்கும் ஒரு வெப்சைட்டில் வைத்திருப்பது மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்து, நிச்சயத்தை நிறுத்திவிட்டார்களாம். 8-ஆம் தேதி சனிக்கிழமை காலை தேவநாதனும் அவர் மகன் அன்புச்செல்வனும் கடைக்கு வந்தார்கள். தேவநாதன் சூளையிலிருந்து நேரே வந்திருந்தார். "எம்மவ படத்த எவன்கிட்டய்யா வித்த" என்று கேட்டு என் சட்டையைப் பிடித்துக் கன்னத்தில் அறைந்தார். நான்கு பேர் பார்க்க அறைந்தார். எனக்கு வலித்ததைவிட அவமானம் அதிகம். சட்டையில் அவர் கையிலிருந்த பீங்கான் மாவு வெள்ளையாக ஒட்டியிருந்தது. அதோடுதான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

பொம்பளைப் பிள்ளைகளை நம்பி அனுப்பும் கடை என்னுடையது. அந்தப் பேர் போய்விட்டால் ஷட்டரை இறக்கிவிட்டுப் போக வேண்டியதுதான். சனிக்கிழமை எடுக்க வேண்டிய காதுகுத்து ஆர்டரை அன்றைக்கே வேறு கடைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அதன் பிறகு திங்கட்கிழமை, மேற்படி வெப்சைட்டில் இருந்த படத்தைப் பிரிண்ட் எடுத்து ஸ்டேஷனில் எனக்குக் காட்டினார்கள். தேவநாதனும் அன்புச்செல்வனும் பக்கத்தில் இருந்தார்கள். கண்ணாடி போட்டுப் பார்த்தேன். குறுக்கே என் தாயார் பெயர் இல்லை. உதட்டில் மச்சமும் இல்லை. இது என் வெப்சைட்டிலிருந்து எடுத்ததில்லை, நான் கொடுத்த சிடியிலிருந்து போனது என்று சொன்னேன். சிடி யாரிடம் இருந்தது என்று அதிகாரி கேட்டார். தேவநாதன் மகனைத் திரும்பிப் பார்த்தார். அன்புச்செல்வன், "நாந்தான் சார் நெட்ல என் ஆர்குட் பக்கத்துல போட்டேன். தங்கச்சிக்கு மாப்ள அமைஞ்சிடுச்சின்னு ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டத்தான் போட்டேன். எவனோ எடுப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்" என்று சொல்லிவிட்டு அழுதார். என்னை அறைந்த தேவநாதன் அவரை அறையவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்விட்டது. ஜாக்கிரதையாக இருப்பதாக இரண்டு வருடம் பெருமையடித்துக்கொண்ட நான்தான் பேர் போடாத படத்தைக் கையில் கொடுத்து அனுப்பினேன்.

இன்று காலை ஒன்பது மணிக்கு பூர்ணிமா தனியாகக் கடைக்கு வந்தார். ஒரு வாரம் தூங்காத முகம். இன்னொரு படம் எடுக்கச் சொன்னார். பவுடர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். "மச்சத்த எடுக்காதீங்கண்ணா. அந்தப் படத்துல இருக்குறவளுக்கு மச்சம் இல்ல, எனக்கு இருக்குது. இத நானே ஸ்ரீமுஷ்ணத்துக்கு அனுப்பப் போறேன். பாத்துட்டு வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும்" என்றார். கடைப்பேர் போடவா என்று தயங்கிக் கேட்டேன். "போடுங்க. குறுக்காலயே போடுங்க" என்றார். போட்டுக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

அந்தப் படத்தின் ஒரு பிரதியை பூர்ணிமாவின் சம்மதத்துடன் இத்துடன் கொடுத்திருக்கிறேன். தேவநாதன் அடித்ததற்கு நடவடிக்கை எதுவும் வேண்டாம். படத்தைத் திருடிப் போட்டவன் யார் என்று கண்டுபிடித்தால் போதும்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, சொன்னதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்) ரா. விருத்தகிரி