எருமைக்கு முப்பதாவது நாள்

— தலைகீழாப் போடாதடா. பக்கவாட்டுல படுக்க வை. முப்பது நாள் ஓடியிருக்கு, கொஞ்சம் மரியாதை குடு.

— அக்கா, இது விளையாட்டுக் கார். பிள்ளை பெத்தவ இல்ல.

— நீ ஆயிரம் சொல்லு. அந்தத் துணிய எடு. அஞ்சரைக்கு இந்தக் குழந்தைங்க ஹால நடத்தற மேடம் வந்து, கார் இங்கயே இருக்கலாம்னு கையெழுத்துப் போடறப்ப இதுல ஒரு பிஸ்கட் தூள் இருக்கக் கூடாது.

— சத்தியமா சொல்றேன், இதக் கார்னு சொல்ல எனக்கே வாய் வரல. கல்லு மாதிரி கனம், சுத்தி ரப்பர், முகம் எது முதுகு எதுன்னு தெரியல. பசங்க எருமைன்னு பேர் வச்சது சரிதான்.

— எருமைன்னாலும் தாங்குச்சில்ல? முன்னாடி செஞ்ச மூணும் பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. என்ன ஆச்சு?

— அதக் கேக்காத. முதல் கார் ரெண்டு மணி நேரம். ரிமோட்டக் கையில குடுத்தோம், ஒரு வாண்டு அத நீந்துமான்னு பாக்கத் தண்ணித் தொட்டியில போட்டுச்சு. ரெண்டாவது கார் மேல ஒருத்தன் ஏறி உக்காந்து, போலாம் ரைட்னான்.

— மூணாவது உன் தப்பு.

— என் தப்பா?

— பின்ன? அந்தப் பாப்பா கார சுவத்துல முட்ட வச்சு, லீவர விடாம கால் மணி நேரம் பிடிச்சிருந்தா. மோட்டார் புகையற வரைக்கும் நீ நின்னு வேடிக்கை பாத்த. இந்த ஹாலப் பாத்துக்கத்தான் உனக்குச் சம்பளம்.

— சுவர் வழிவிடும்னு நம்பினாக்கா அவ. அப்படி ஒரு முகத்த நீ பாத்திருந்தா நீயும் விட்டிருப்ப.

— அதனாலதான் எருமைக்குள்ள வழுக்கற பல்சக்கரம் வச்சேன். முட்டினா மோட்டார் சும்மா சுத்தும், எரியாது. கையில குடுக்கற ரிமோட்டே கிடையாது, லீவர மேசையோட போல்ட் போட்டு இறுக்கியாச்சு. ஓடற இடத்தச் சுத்தி கண்ணாடித் தடுப்பு, பசங்க கழுத்து உயரத்துக்கு. எட்டிக் கைய விட முடியாது, ஏறி உக்கார முடியாது.

— உன் பட்டறையில ரெண்டு மாசம் இதே பேச்சுதான். மாமா என்கிட்ட வந்து அழுதாரு, தூக்கத்துல கூட பல்சக்கரம்னு சொல்றாளாம்.

— அவருக்கென்ன. நாலாவதும் போச்சுன்னா இந்த மூலையில என்ன வரும்னு உனக்குத் தெரியும்ல?

— தெரியாமயா? "சரி, இருக்கட்டும். முப்பது நாள். குழந்தைங்க இதையும் உடைச்சா, கார் வேண்டாம். பெரிய திரை ஒண்ணு வச்சிடலாம்." மேடம் சால்வைய இழுத்துப் போத்திக்கிட்டு, அந்த மூக்குக் கண்ணாடி வழியா என்னப் பாத்துச் சொன்னாங்க பாரு, நானே உடைச்ச மாதிரி இருந்துச்சு.

— திரை எல்லா வீட்டுலயும் இருக்குடா. தேய்ச்சா படம் மாறும், அவ்வளவுதான். ஒரு கனமான பொருள் தன் கை சொன்னபடி நகருதுன்னு பாக்கறப்ப ஒரு குழந்தை மூச்ச நிறுத்துது பாரு, அது எனக்கு வேணும். அதுக்குத்தான் இவ்வளவும்.

— அதான் ஜெயிச்சிட்டியே. இன்னும் பத்து நிமிஷம். துடை.

— அடிப்பக்கத்த காட்டு. கோடெல்லாம் இருக்கான்னு ஒருதரம் பாத்துக்கறேன்.

— உன் பச்சை நகப்பாலிஷா? கடையில அந்தப் பொண்ணு கேட்டாளாமே, யாருக்கு இந்தக் கலர்னு. திருகுக்குன்னியாம்.

— வேற என்ன சொல்ல? திருகுத் தலையிலயும் பக்கத்துத் தகட்டுலயும் சேத்து ஒரே கோடாப் போட்டுட்டா, திருகு மயிரிழை திரும்பினாலும் கோடு விலகிக் காட்டிக் குடுத்துடும். ஒண்ணு, ரெண்டு, மூணு... ஆறு வரைக்கும் சரியா இருக்கு. டேய். விளக்க இப்படிப் பிடி.

— என்னக்கா?

— பின் அச்சு மூடியில ரெண்டு திருகு. கோடு இருக்கு. ஆனா சிவப்பா இருக்கு.

— நிழலா இருக்கும்.

— நிழலா? நல்லாப் பாரு. யாரோ கழட்டி, திரும்ப மாட்டி, மேல பூசி விட்டிருக்காங்க. இந்தத் திருகுக்குச் சேர்றது ரெண்டே திருப்புளி, ஒண்ணு என் பட்டறையில. இன்னொண்ணு உன் சாவிப் பெட்டியில. என்னப் பாத்துச் சொல்லு.

— அம்மா மேல சத்தியமா நான் இல்லக்கா.

— சின்ன வயசுல ரேடியோவக் கழட்டிட்டும் இதே சத்தியம்தான் பண்ணின.

— அதக் கழட்டினது நான்தான், ஒத்துக்கறேன். இது நான் இல்ல. எனக்கு நகப்பாலிஷ் எங்க கிடைக்கும்? என் பொண்டாட்டி நகத்தக் கடிக்கறவ.

— சாவிப் பெட்டிய வேற யார் தொடறது?

— யாருமில்ல. திங்கக்கிழமை லீவு, அன்னிக்கு மட்டும் ஆபீஸ்ல குடுத்துட்டுப் போவேன். பூட்டின ஹால்ல யாரு வரப்போறா?

— திருப்புளியக் குடு. தொறந்து பாத்துடறேன்... இதோ. அச்சுல நூல் சிக்கியிருக்கு. நீல நூல், ஒரு துண்டு மிச்சம். மத்ததப் பொறுமையா பிரிச்சு எடுத்திருக்காங்க.

— ஏதாவது குழந்தை தொப்பியில இருந்து விழுந்திருக்கும்.

— அப்ப நின்னிருக்கு. முப்பது நாளுக்குள்ள ஒருதரம் நின்னிருக்கு, யாரோ சரி பண்ணியிருக்காங்க. நான் தோத்துட்டேன்டா.

— அக்கா, இரு. மணி அஞ்சு இருபத்தஞ்சு. சிவப்பச் சுரண்டு, பச்சையப் பூசு. ரெண்டு நிமிஷ வேலை. நான் பாக்கல, நீயும் பாக்கல.

— பச்சை பாட்டில் பையிலதான் இருக்கு.

— பின்ன என்ன யோசன?

— நாளைக்கு இன்னொரு நூல் சிக்கும். அப்ப நான் என்னத்தச் சொல்றது? ஒரு மாசமா பெருமையா திரிஞ்சேன். மூடியப் போடறேன், ஆனா அப்படியே இருக்கட்டும். சொல்லிடறேன்.

— சொன்னா திரைக்காரன் நாளைக்கே அளவெடுக்க வருவான்.

— வரட்டும். என்ன பண்ண?

— கதவு சத்தம். வந்துட்டாங்க. வாங்க மேடம், உக்காருங்க.

— சரி, இருக்கட்டும். நின்னுக்கறேன். எங்க கடுதாசி? பேனா குடுப்பா.

— மேடம், கையெழுத்துப் போடாதீங்க.

— ஏம்மா?

— நடுவுல கார் நின்னிருக்கு. அச்சுல நூல் சிக்கி, யாரோ மூடியக் கழட்டி எடுத்திருக்காங்க. தம்பி இல்ல, அவனுக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. யாருன்னு தெரியல. ஆனா நின்னது உண்மை. நீங்க முடிவு பண்ணுங்க.

— எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— ரெண்டு திருகுல கோடு சிவப்பா இருக்கு மேடம்.

— அவ்வளவு நல்லாத் தெரியுதா?

— பக்கத்துல ஆறு பச்சை இருக்கே மேடம்.

— ம். தம்பி, அந்தக் கடுதாசியில என்ன எழுதியிருக்கேன்? சத்தமாப் படி.

— "முப்பது நாளில் குழந்தைகள் இதையும் உடைத்தால், இந்த இடத்தில் திரை வைக்கப்படும்." அவ்வளவுதான் மேடம்.

— ஹால் தொறந்திருந்த நாளெல்லாம் இங்கயே நின்னிருக்க. எந்தக் குழந்தையாவது உடைச்சுதா?

— இல்ல மேடம். முட்டினாங்க, மோதினாங்க, ஒருத்தன் தடுப்பக் கடிச்சான். கார் நிக்கல. அது சத்தியம்.

— அப்பப் பேனாவக் குடு. ஆச்சு, போட்டாச்சு. இந்தாம்மா, பத்திரமா வச்சுக்கங்க. திரைக்காரனுக்கு வேண்டாம்னு நானே சொல்லிக்கறேன்.

— மேடம், எனக்குப் புரியல. அந்த நூல்...

— என் சால்வை நூல்மா. நல்லா ஓடுதேன்னு தடுப்பு மேல குனிஞ்சேன், சால்வை உள்ள விழுந்துச்சு, அது மேலயே ஓட்டிட்டேன். பிரிச்சு எடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. பச்சைக்கு எங்க போறது, கைப்பையில இருந்த சிவப்பப் பூசினேன். அடுத்த கார் செய்யறப்ப தடுப்ப என் உயரத்துக்கும் சேத்து வைங்க. நாலு திங்கக்கிழமையா லீவு நாள்ல பூட்டத் தொறந்து வந்து விளையாடறது நான் ஒருத்திதான்.