ஆயில் ஃபில்டரில் ஒரு விரல் தடம்

பழைய வண்டி என்றால் ஆயில் கசியத்தான் செய்யும் ஐயா. அதற்காக நான் யாரையும் குறை சொன்னதில்லை. பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்கு எதிரே பட்டறை போட்ட நாளிலிருந்து கிழட்டு இன்ஜின்கள்தான் எனக்குச் சோறு போடுகின்றன. எங்கே சொட்டுகிறது என்று எவனும் சொல்லிவிடுவான். எங்கே தொடங்குகிறது என்று சொல்ல ஆள் வேண்டும்.

ஆதிநாராயணனின் வேனும் அப்படித்தான் வந்தது. தோணிரேவிலிருந்து மீன்காரப் பெண்களைக் கூடையோடு பொன்னேரிச் சந்தைக்கு ஏற்றிப் போகிற வண்டி. இன்ஜின் மேல்மூடியின் பேக்கிங் நைந்துபோயிருந்தது. மாற்றினேன். அப்படியே ஆயிலையும் மாற்றி, புது ஃபில்டரும் போட்டு அனுப்பினேன். மூடிப்பக்கம் கசிவு நின்றுவிட்டது. சில நாளில் திரும்பி வந்தான்.

"இன்னாண்ணே, மறுபடியும் ஒழுவுது. இப்ப வேற எடத்துல."

வண்டிக்குள் கூடையோடு இருந்த மீன்காரி சூசையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

இன்ஜினைக் கழுவித் துடைத்து, கிளிஞ்சல் சுண்ணாம்புத் தூளை மேலே தூவினேன். எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. வண்டி ஒரு நடை போய் வந்தால், வெள்ளைத் தூள் முதலில் எங்கே நனைகிறதோ அங்கேதான் கசிவு. பொன்னேரி போய் வந்தான். ஃபில்டரின் விளிம்பு நனைந்திருந்தது. பக்கத்திலேயே தூளில் ஒரு விரல் தடமும் இருந்தது.

"நீ கைய வெச்சியா?"

"ஒழுவுதான்னு தொட்டுப் பாத்தேண்ணே. தப்பா?"

தப்பில்லை என்றேன். ஃபில்டரை இறுக்கி அனுப்பினேன். ஆனால் எனக்கு விளங்கிவிட்டது. நான் இறுக்குகிறேன், இவன் வழியில் தளர்த்துகிறான். அதன்பிறகு எத்தனை முறை இறுக்கினாலும் ஒழுகிக்கொண்டேதான் வந்தது. வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

என் மனைவி காந்தாவுக்கு இது புரியவில்லை. "அவன் வண்டிய அவனே கெடுத்துப்பானா? நீ அந்த ஃபில்டர ஒரு தபா கழட்டித்தான் பாரேன்யா," என்றாள். கழற்றிப் பார்க்க என்ன இருக்கிறது? அது நான் போட்ட ஃபில்டர்.

அதற்குள் என் கை பட்ட வண்டி ஒழுகுகிறது என்று ஊரில் பேச்சு பரவிவிட்டது. வழக்கமாக என்னிடம் வரும் இளங்கோவன் தன் ஆட்டோவைப் பொன்னேரிக்கு ஓட்டிப் போனான். பட்டறை வாசலில் வண்டிகள் குறைந்தன. ஆதிநாராயணன் மட்டும் வந்துகொண்டே இருந்தான். "பரவால்லண்ணே, இன்னொருவாட்டி பாரு. உன்ன உட்டு எங்க போவப் போறேன்," என்பான். மனசில் கள்ளம் இல்லாதவன் ஒரு முறையாவது திட்டியிருப்பான் ஐயா. அவன் திட்டவே இல்லை.

கடைசியாக வந்தபோது எனக்குக் கோபம்கூட இல்லை. வண்டிக்கு அடியில் படுத்து ஃபில்டரை இறுக்கினேன். படுத்தபடியே பிரேக் குழாயின் நட்டைக் கொஞ்சம் தளர்த்தினேன். அவன் எனக்குச் செய்ததைத்தான் நான் அவனுக்குச் செய்தேன்.

காந்தாவும் மீன் கூடையோடு அந்த வேனில் போகிறவள்தான். மறுநாள் மட்டும் ஏற வேண்டாம் என்றேன். அதை வைத்துத்தான் என்னைப் பிடித்தீர்கள். சூசையம்மாளிடமும் மற்ற பெண்களிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். சொன்னால் காரணம் கேட்பார்கள். பேச்சு அவன் காதுக்குப் போய்விடும்.

திருப்பாலைவனம் தாண்டி, குளத்தோர வளைவில் வண்டி நிற்கவில்லை. சேதி கேட்டு நானும் ஓடினேன். சூசையம்மாளைத் தண்ணீரிலிருந்து தூக்கிக் கரையில் கிடத்தியது நான்தான். அவனை அப்புறம்தான் எடுத்தார்கள். பெண்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. மறைக்கவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் கூட்டிவந்த மெக்கானிக் சொன்னதை மட்டும் எழுதாதீர்கள். வேனைத் தூக்கி வைத்து ஃபில்டரைக் கழற்றினாராம். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்ததாம். அதை எடுக்காமல் அதன் மேலேயே புதியது முடுக்கப்பட்டிருந்ததாம். இரண்டு வளையம் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும் என்கிறார். எனக்குத் தெரியாதா ஐயா? தொழிலுக்கு வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது அது. அந்த இரண்டாவது வளையத்தையும் ஆதிநாராயணன்தான் வைத்திருப்பான்.