அக்காவின் பதினோரு அழைப்புகள்

மேடையில் வீற்றிருக்கும் செயற்பொறியாளர் அவர்களே, தொழிற்சங்கத் தோழர்களே, கம்பத்திலிருந்து இறங்கிய கையோடு வந்து நிற்கும் லைன்மேன் தம்பிகளே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் அக்காவின் மகளே! உங்கள் எல்லோரையும் தலைகுனிந்து வணங்குகிறேன். அது பணிவு அல்ல, வெட்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் நம் மின்வாரிய அலுவலகத்தின் புகார் தொலைபேசி அக்காவின் கையில் இருந்தது. ஊரே அவரைப் 'புகார் அக்கா' என்றுதான் அழைத்தது. மின்சாரம் இருக்கும்போது நம்மை யார் நினைக்கிறார்கள்? போனால்தானே நம் ஏழு தலைமுறையும் நினைவுக்கு வருகிறது! அந்த வசவெல்லாம் அவர் காதில்தான் விழுந்தது. ஒருமுறை ஒருவர் வாய்க்கு வந்தபடி கத்தினார். அக்கா நிதானமாகச் சொன்னார்: "கரண்ட்டை நான் என்ன முந்தானையிலயா முடிஞ்சு வச்சிருக்கேன்? திட்டி முடிச்சுட்டுத் தெருப் பேரைச் சொல்லுங்க, ஆள் அனுப்பறேன்."

அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. ஆக்சிஜன் மெஷினை நம்பி மூச்சு விடுகிறவர்கள் இருக்கும் நாற்பத்தொரு வீடுகளின் எண்கள் அதில் இருந்தன. பராமரிப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவதற்கு முந்தின நாள் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்வார். "நாளைக்கு ஒம்பதுல இருந்து ரெண்டு வரைக்கும் இருக்காது. உங்க பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்?" என்பார். தாங்காது என்றால், அந்த வீட்டுக்கு ஜெனரேட்டர் அனுப்பும்வரை உதவிப் பொறியாளரான என்னை ஒரு வழி பண்ணிவிடுவார். எந்த விதிப்புத்தகம் இதைச் சொன்னது? எந்த மேலதிகாரி கேட்டார்? ஒருவரும் இல்லை!

ஓய்வு பெற்ற அன்று அந்த நோட்டை என் மேசையில் வைத்து, "தம்பி, இனி இது உங்க பொறுப்பு" என்றார். தலையாட்டினேன். பிறகு அதை இழுப்பறையில் போட்டேன். இரண்டு ஆண்டுகளில் அக்காவின் நுரையீரலே கெட்டுப்போனது. "நாப்பத்திரெண்டாவதா என் வீட்டையும் சேத்துக்குங்க தம்பி" என்று போனில் சிரித்தார். "சேத்தாச்சுக்கா" என்றேன். சேர்க்கவில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை பராமரிப்பு மின்தடை. உத்தரவில் இருந்தது என் கையெழுத்து. நான் யாருக்கும் போன் செய்யவில்லை. மகள் அச்சகத்தில் வேலையில் இருந்தாள். அக்காவின் பேட்டரி ஒன்றரை மணி நேரம் தாங்கியது. அவர் பதினோரு முறை போன் செய்திருக்கிறார், பதினொன்றும் நம் அலுவலகத்துக்கு. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாமே, மகளைக் கூப்பிட்டிருக்கலாமே என்கிறீர்களா? நாம் எடுப்போம் என்று நம்பினார், ஐயா! இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் எடுத்தாரே!

சற்று முன் வாசலில் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "லைன் பிஸியாவே இருந்திருக்கு சார். ஊரே கூப்பிட்டிருக்கும். நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்றாள். எனக்கு ஆறுதல் சொன்னாள்! நானும் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேன்.

மகளே, ஊர் கூப்பிட்டதால் அல்ல. வசவு கேட்கப் பொறுக்காமல் காலை ஒன்பது மணிக்கே புகார் தொலைபேசியின் ரிசீவரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டேன். மின்சாரம் வந்த பிறகுதான் திரும்ப வைத்தேன். 'அழைப்புகள் மிகுதி' என்று விசாரணைக் குழுவுக்குப் பொய் எழுதிக் கொடுத்ததும் நான்தான். உண்மையை எழுதி எடுத்து வந்திருக்கிறேன். செயற்பொறியாளர் அவர்கள் இதை இப்போதே, எல்லோர் முன்னிலையிலும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று உறுதி கூறுவது இரங்கல் கூட்டத்தின் வழக்கம். என் உறுதிமொழியை இனி யார் நம்புவார்கள்? அதனால் ஒரு வேலையை மட்டும் சொல்கிறேன். நாளை மறுநாள் மேற்குத் தெருக்களில் மின்தடை. என்மேல் நடவடிக்கை வரும்வரை புகார் தொலைபேசி முன்னால் அக்காவின் நாற்காலியில் நான் உட்காருவேன். நாளை நோட்டில் உள்ள எல்லா வீடுகளுக்கும் நானே போன் செய்வேன். மின்தடை அன்று நீங்கள் கூப்பிடுங்கள், திட்டுங்கள். முதல் மணியிலேயே எடுப்பேன்.