கழற்றி வைத்த பிளக்

பைக்கில் பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அவர்களால்தான் இருபத்திரண்டு வருஷமாக என் வீட்டில் அடுப்பு எரிகிறது. ஸ்பீக்கர் மாட்டுவது, ஆம்ப்ளிஃபயர் மாட்டுவது, அதில் வரும் வேண்டாத சத்தத்தைக் கண்டுபிடித்து ஒழிப்பது, இதுதான் என் தொழில். எழுதித் தரச் சொன்னீர்கள் ஐயா, நிதானமாகவே எழுதுகிறேன்.

ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்கப் பாட்டுக்குப் பின்னால் 'ஙொய்' என்று ஒரு சத்தம் ஏறும். வண்டியில் ஏதோ ஒரு கருவியின் மின்சாரம் ஆம்ப்ளிஃபயருக்குள் கசிகிறது என்று அர்த்தம். எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு பிளக்காகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் திருடன். அதற்குத் தனியாக ஓர் எர்த் ஒயர் இழுத்துவிட்டுப் பிளக்கைத் திரும்ப மாட்ட வேண்டும். அரைமணி நேர வேலை. பொறுமையும் காதும் இருந்தால் போதும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் காதுக்கு மெல்லிய சத்தங்கள் எட்டாமல் போயின. பேச்சு கேட்கும், ஹாரன் கேட்கும், அந்த 'ஙொய்' மட்டும் கேட்காது. இனித் திரும்பாது என்றார் டாக்டர். யாரிடமும் நான் மூச்சு விடவில்லை. சத்தம் பிடிக்கிறவனுக்கே சத்தம் கேட்காது என்று தெரிந்தால் எவன் கடைக்கு வருவான்? ஆம்ப்ளிஃபயரில் ஒரு மீட்டரை மாட்டி, முள் ஆடுவதைப் பார்த்தே வேலை செய்யப் பழகிக்கொண்டேன்.

என் தங்கை புருஷன் டைல்ஸ் கம்பெனியில் விற்பனைக்காரர். நாள் முழுக்க பைக்கில்தான் சுற்றுவார். அவர் வண்டியில் வந்த சத்தம் என் பழைய மீட்டருக்குச் சிக்கவில்லை. மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் சரியாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினேன். நான்காவது தடவை கடை பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார்.

"கேக்குதா மச்சான்?"

"இல்லையே மாப்பிள்ளை. சுத்தமா நின்னுடுச்சே."

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. அப்போதுதான் சத்தம் உச்சத்தில் இருந்திருக்கிறது.

"சரியாப் போச்சு. செவிடன் காதுல சங்கு ஊதின கதையால்ல இருக்கு" என்றார். பிறகு என் தோளில் கை போட்டார். "வெக்கப்படாதீங்க மச்சான். சனிக்கிழமை நானே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். கடையைக் கொஞ்ச நாள் மூடி வைங்க."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சாயங்காலத்துக்குள் தங்கை போன் செய்தாள். "அண்ணே, காது கேக்கலையாமே? எங்ககிட்டகூடவா மறைக்கணும்?" மறுநாள் வரவேண்டிய இரண்டு வண்டிகள் வரவில்லை.

நுணுக்கமான மீட்டர் ஒன்று வாங்கினேன். ஐந்தாவது தடவை நானே அவரை வரவழைத்தேன். ஏபிஎஸ் பிளக்கைக் கழற்றியதும் முள் படுத்துவிட்டது. அவசரத்தில் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்காமல் காப்பாற்றுகிற கருவி அது. எர்த் ஒயர் என் கையில்தான் இருந்தது. நான் இழுக்கவில்லை, பிளக்கைத் திரும்ப மாட்டவுமில்லை. அந்தப் பிளக் கழன்றிருந்தால் வண்டியின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்து காட்டிக்கொடுக்கும். அதன் பல்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மழைக்காலம் தொடங்க ஒரு வாரம் இருந்தது.

மாப்பிள்ளை முறுக்கிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"ஒரு பொட்டு சத்தம் இல்ல மச்சான். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிப் பேசினது என் தப்பு. மனசுல வச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. பாட்டை நல்லா சத்தமா வச்சுக்கிட்டு தைரியமா ஓட்டுங்க" என்றேன்.

போகிற இடமெல்லாம் என்னைப் புகழ்ந்தார். நின்றுபோன வண்டிகள் திரும்பி வந்தன. அப்படிப் பதினொரு நாள். போனை எடுத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால், வேலையை அரைகுறையாக விட்டுவிட்டேன் என்று ஆகிவிடும்.

பன்னிரண்டாம் நாள் மழையில், முனையில் ஒரு லாரி திரும்பியது. அவர் பிரேக்கை அழுத்தினார், சக்கரம் பூட்டிக்கொண்டது, வண்டி வழுக்கி லாரிக்கு அடியில் போனது. ஓடிப்போய் அவர் உடலைத் தூக்கியவரைப் பார்த்து விசாரித்தேன். பாட்டு நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததாம். இரைச்சல் ஏதாவது இருந்ததா என்று கேட்டேன். தெளிவாக இருந்தது என்றார்.

வண்டியைச் சோதித்த உங்கள் அதிகாரி, 'காது கேளாத மெக்கானிக், பிளக்கைத் திரும்ப மாட்ட மறந்திருக்கிறார், கவனக்குறைவு' என்று எழுதியிருக்கிறார். பல்பு இல்லாததை அவர் பார்க்கவேயில்லை. அப்படியே விட்டுவிடுங்கள், சீக்கிரம் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார் வக்கீல். அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பல்பை உங்கள் மேசையில் வைத்திருக்கிறேன். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கை வெளியே உட்கார்ந்து, அண்ணன் தெரியாமல் செய்துவிட்டார், விட்டுவிடுங்கள் என்று அழுகிறாளாம். அவளுக்கு என்ன தெரியும்? இருபத்திரண்டு வருஷத்தில் தெரியாமல் ஒரு ஒயரைக்கூட நான் கழற்றியதில்லை.