பதினாறில் திரும்பிய விரல்கள்

மேடையில் அமர்ந்திருக்கும் தர்கா குழுவினரே, லாகூரின் பாடகர்களே, என் கணவர் உஸ்தாத் வாரிஸ் பக்ஷுக்காகத் துஆ கேட்க வந்த அன்பர்களே, முதலில் ஒரு திருத்தம். பாட்டு ஹராம் என்று நான் அழுததால் அவர் சாகும்முன் கவ்வாலியை விட்டுவிட்டார் என்கிறீர்கள். நான் அழவில்லை. அவர் விடவுமில்லை. கணவரை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில், நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இருந்தேன். என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டீர்கள்.

நாற்பது ஆண்டுகள், வியாழன்தோறும், தர்கா முற்றத்தில் பாடியவர் உஸ்தாத் வாரிஸ் பக்ஷ். முன்வரிசையில் யார் இருந்தார்? குழுத் தலைவர் ஹாஜி சஃப்தர் சாஹிப். இறைவன் பெயர் வந்ததும் தலையை ஆட்டி ஆட்டித் தொப்பியைத் தவறவிடுவார்.

"ஹாஜி, மெதுவா ஆடுப்பா. உன் தொப்பி என் ஆர்மோனியத்துமேல விழுது" என்பார் இவர்.

"விழட்டும்டா. நீ பாட்ட நிறுத்தாத."

அதே ஹாஜி சாஹிப் மருத்துவமனைக்கு வந்தார். பேச்சு நின்றிருந்த என் கணவரின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"பாருங்க அண்ணி, இறைவன் பேரச் சொல்லி தஸ்பீஹ் எண்றான். பாட்டையெல்லாம் விட்டுட்டான்."

"தஸ்பீஹ்னா முப்பத்துமூணு, ஹாஜி சாஹிப். இவர் பதினாறுல திரும்புறாரு. பதினாறு மாத்திரைத் தாளம் போடுறாரு. உங்களுக்கா தெரியாது?"

"தெரியும் அண்ணி. ஊருக்கு நல்ல முடிவாத் தெரியட்டுமே."

அன்றிரவே என் கணவர் போய்விட்டார். மறுநாள் ஜனாஸா தொழுகையில் ஹாஜி சாஹிப் அறிவித்தார்: வாரிஸ் பக்ஷ் இசையை விட்டு, பாவமென்று வருந்தித் தவ்பா செய்தார். அதையே சான்றாகக் காட்டி, மூன்றாம் வாரம் வியாழக்கிழமைக் கவ்வாலியை நிறுத்தினார்கள்.

இசை கூடுமா என்பதில் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக இரு பக்கம் நிற்கிறார்கள். கூடாது என்பவரை மதிக்கிறேன். எங்கள் தெரு இமாம் ஒரு வியாழன்கூட வந்ததில்லை; ஆனால் என் கணவரைப் பற்றி ஒரு பொய்யும் சொன்னதில்லை. நாற்பது ஆண்டு கேட்டுவிட்டு, பாடியவர் வாய் மூடியதும் அவர் பெயரில் பேசியது யார்?

வரும் வியாழன், மாலை அஸர் தொழுகைக்குப் பின், அவருடைய சீடர்கள் அதே இடத்தில் பாடுவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன்.

ஹாஜி சாஹிப், கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்த எனக்கு மார்க்கம் தெரியாது என்கிறீர்களாம். சொன்னதன் கீழே பெயரெழுத அவர்கள் கற்றுத்தந்தார்கள். அந்த மருத்துவமனை அறையில் என்னிடம் சொன்னதும் ஜனாஸாவில் சொன்னதும், இரண்டில் எது உண்மை? வியாழனுக்கு முன், கையெழுத்திட்டு, எழுத்தில் பதில் அனுப்புங்கள்.